பாப்பாவுக்கு, ஊசி குத்திக்கொண்ட கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா சொல்லி உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆமாம், கண்டிக்குப் போய் அக்குபங்சர் செய்துகொண்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "உங்களுக்கு என்ன பைத்தியமா அப்பா" என்று ஆரம்பிப்பாய், நானும் பதிலுக்குச் சத்தம் போடுவேன், சத்தம் போட்டால் இருமல் வரும், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் வாசி.

முதலில் ஆஸ்துமாவுக்கு இழுக்கிற பம்ப் விஷயம், உன் பயம் அதுதானே. வருத்தம் வராமல் தடுக்கிற பிரவுண் பம்பைக் காலையும் இரவும் இழுக்கிறேன், ஸ்பேசர் என்கிற அந்தக் குழாயை வைத்துத்தான், இழுத்த பிறகு வாயும் கொப்பளிக்கிறேன். மூச்சு முட்டினால் உடனே இழுக்கிற நீலப் பம்ப் எப்போதும் சட்டைப்பையில். ஒன்றையும் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை.

பிறகு ஏன் போனேன் என்று கேட்பாய். மூக்குக்காக. உனக்கு வீசிங் சத்தம்தான் போனில் கேட்கும், ஆனால் என்னை நாள் முழுக்க வதைப்பது இந்தப் பீனிசம்தான். பனி இறங்குகிற மாதங்களில் விடிந்ததும் தும்மல் தொடங்கி, மூக்கு ஒழுகி, அப்புறம் இரண்டு பக்கமும் அடைத்து, இரவில் வாயால் மூச்சு விட்டு, தொண்டை காய்ந்து எழும்பி உட்காருவேன். கிளினிக்கில் கொடுக்கிற அலர்ஜி மாத்திரை குடித்தால் மத்தியானம் வரைக்கும் தூக்கம். மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே நல்லதுதான், ஆனால் ஹட்டனில் எல்லா நேரமும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை.

இதெல்லாம் நான் வேலை செய்த ஸ்டோர், அந்தத் தேயிலைத் தொழிற்சாலை, கொடுத்த சொத்து. கொழுந்து வாட்டுகிற இடத்திலும் உருட்டுகிற இடத்திலும் தொந்தரவு இல்லை, ஈரம் இருக்கும். தூளைச் சலிக்கிற சிப்டிங் ரூமில்தான் காய்ந்த தூளோடு அந்த மெல்லிய பஞ்சும் பறந்து புருவத்திலெல்லாம் ஒட்டும். நான் வேலையிலிருந்து வந்தால் நீ "அப்பா நரைச்சிட்டாரு" என்று சிரிப்பாய். உரகொட என்ற நெஞ்சு வருத்த டொக்டர் 1970இலேயே இதைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறாராம், டீமேக்கர்மாருக்கு வருகிற ஆஸ்துமா என்று பெயரே வைத்து. நான் வேலைக்குச் சேரும் முன்னால் எழுதிய விஷயம்! எங்களுக்குக் கிடைத்த ஒரே புத்திமதி, மூக்கில் துணியைக் கட்டிக்கொள் என்பது. சரி, அதை விடு, பேச ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவாகிவிடும்.

கண்டியில் பார்த்தவர் எம்.பி.பி.எஸ். படித்த டொக்டர், அதற்கு மேல் ஊசி வைத்தியமும் படித்தவர். இது என்னவோ புதிதாக வந்த மோகம் என்று நினைக்காதே, களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே அன்ரன் ஜயசூரிய இதை நடத்தியவர், வெளிநாட்டு டொக்டர்மார் வந்து அவரிடம் படித்துவிட்டுப் போனார்கள். உள்ளே போனதும் நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், பிறகு இரத்தத்தை இளக்குகிற மருந்து ஏதாவது குடிக்கிறேனா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் எனக்கு ஆளின் மேல் நம்பிக்கை வந்தது. ஊசிப் பக்கெட்டை என் கண் முன்னால் கிழிக்கச் சொன்னேன், நீ சொல்லியிருப்பாய் என்று தெரிந்தே கேட்டேன். ஒரு தடவை பாவித்துவிட்டு எறிகிற ஊசிதான். இரத்தம் எடுக்கிற ஊசி மாதிரி இல்லை, தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான்.

மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, முழங்காலுக்குக் கீழே. மூக்கில் போட்டது சுரீர் என்றது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. கையில் போட்டது வலி இல்லை, ஒரு கனம், உள்ளே யாரோ விரலால் அமத்திப் பிடித்த மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே படுக்கச் சொன்னார், நான் குறட்டை விட்டேனாம். முதுகில் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் போடும்போது மட்டும் நான் வாயைத் திறந்தேன், நுரையீரலில் படாதா என்று. ஆழமாகக் குத்தினால் படக்கூடும், காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போன சம்பவங்கள் அபூர்வமாக இருக்கின்றன, அதனால் அந்த இடத்தில் சரித்து மேலோட்டமாகத்தான் போடுவேன் என்றார். ஒளிக்காமல் சொன்னார் பார்.

ஆனால் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு மனுசன், அவரும் வைத்தியம் செய்ய வந்தவர்தான், என் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு, "இனி அந்தப் பம்பை மகாவலி கங்கையில எறிங்க ஐயா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். எடுத்தது உன் பாடம்தான்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆராய்ச்சியை நான் வாசிக்கவில்லை என்று நினைத்தாயா? அகராதியை வைத்துக்கொண்டு முழுதும் வாசித்தேன். அமெரிக்காவில் செய்து 2011இல் வெளியிட்டது, முடித்தவர்கள் 39 ஆஸ்துமாக்காரர்கள். நிஜப் பம்ப், மருந்தில்லாத பொய்ப் பம்ப், தோலுக்குள் இறங்காத பொய் ஊசி, ஒன்றுமே இல்லை என்று நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூச்சை அளந்தால் நிஜப் பம்புக்கு 20 சதவீதம் கூடியிருக்கிறது, மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம் மாதிரி. ஆனால் "எப்படி இருக்கிறது" என்று ஆட்களிடம் கேட்டபோது நிஜப் பம்புக்கும் பொய் ஊசிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, இரண்டிலும் பாதிப் பாதி நல்லாகிவிட்டது என்றிருக்கிறார்கள். அதில் போட்டது பொய் ஊசி, நிஜ ஊசியைச் சோதிக்கவே இல்லையே என்று நான் உன்னோடு வழக்காடலாம். வழக்காடப் போவதில்லை, ஏனென்றால் எனக்கும் அதே மாதிரித்தான் நடந்தது. கட்டிலில் இருந்து எழும்பியதும் நெஞ்சு லேசாகி, இளம் வயதில் மலை ஏறிய ஆள் மாதிரி இருந்தது. பையிலிருந்து நீ அனுப்பிய, மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கிற மீட்டரை எடுத்து ஊதினேன். போகும்போது 310, வரும்போதும் 310. நெஞ்சு சொன்னது ஒன்று, மீட்டர் சொன்னது வேறு. அதைப் பார்த்திராவிட்டால் நானும் பம்பைக் கங்கையில் போடுகிற கூட்டத்தில் சேர்ந்திருப்பேனோ என்னவோ.

மூக்கு விஷயம் வேறு. ஜெர்மனியில் 422 அலர்ஜிக்காரர்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்டதை நீ அனுப்பவில்லை, டொக்டர்தான் காட்டினார். அதில் நிஜ ஊசி போட்டவர்களுக்கு எட்டாவது வாரத்தில் தும்மலும் ஒழுகலும் மற்றவர்களைவிடக் குறைந்திருக்கிறது, மாத்திரையும் குறைவாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது. பதினாறாவது வாரம் வந்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போயிருக்கிறது. அதாவது கொஞ்சக் காலத்துக்குக் கொஞ்சம் சுகம். அவர்களுக்கு மகரந்த அலர்ஜி, எனக்கு இந்த ஈரச் சுவரும் கம்பளியும் பூஞ்சணமும், அதனால் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் இரவில் ஒரு பக்கமாவது மூக்கு திறந்திருக்கிறது பாப்பா, வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன். என் வயதில் அது சின்ன விஷயம் இல்லை. மூக்குக்கு ஊசி, நெஞ்சுக்குப் பம்ப், இதுதான் இப்போதைக்கு அப்பாவின் கணக்கு.

செலவைப் பற்றி அம்மா முணுமுணுக்கிறாள், அது நியாயம். போதாததற்கு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் டீசல் புகையைக் குடித்துக்கொண்டு போய் மூக்கைத் திறந்துவிட்டு, வரும் வழியில் அதே புகையில் அடைத்துக்கொண்டு வருவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. டொக்டர் சொன்ன தவணை முடியும் வரை போவேன், பிறகு சுகம் நிற்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பேன். அடுத்த கிளினிக்கில் இங்கே நம் டொக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். மீட்டர் 250க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவர் எழுதித் தந்த துண்டு அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, அம்மாவுக்கும் காட்டியாயிற்று.

உன் சின்னவனுக்கு இரவில் மூச்சில் விசில் கேட்கிறது என்றாயே, அதைத் தள்ளிப்போடாதே, அங்கே பிள்ளைகள் டொக்டரிடம் காட்டு. தாத்தா ஊசி போட்டார் என்று அவனை எங்கேயும் கூட்டிக்கொண்டு போய்விடாதே, நான் சொல்வது எனக்கு மட்டும்தான்.

டோஹாவில் இருந்து யாராவது வந்தால் அந்த மீட்டருக்கு வாயில் வைக்கிற அட்டைக் குழல் கொஞ்சம் கொடுத்தனுப்பு, இருப்பது நைந்துவிட்டது. சொக்லேட் வேண்டாம். அம்மாவுக்குச் சீனி கூடியிருக்கிறது, அதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

அன்புடன்
அப்பா