ஆற்றோரத்து வீடு ஏன் அதிகம் ஆடியது?

அன்புள்ள கருணா,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர் கடைசியில் 3.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது, குடியாத்தத்தில் உன் ஆற்றோரத்து வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடின, மலையடிவாரத்தில் உன் தங்கை வீட்டில் யாரும் விழிக்கக்கூட இல்லை என்று எழுதியிருந்தாய். போர் போட்டபோது 50 அடிக்கு மணல், அப்புறம் பாறை வந்தது என்றாயே, அந்த மணலும் பாறையும் சேரும் இடம்தான் காரணம்.

அடர்த்தியையும் அலை வேகத்தையும் பெருக்கினால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண் வரும். குறுக்கலை, அதாவது தரையைப் பக்கவாட்டில் அசைக்கும் நிலநடுக்க அலை, பாறையில் நொடிக்கு 2500 மீட்டர், தளர்ந்த மணலில் 250 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள். பாறையின் அடர்த்தி 2.7, மணலுடையது 1.8. பாறையின் எண் மணலுடையதைப் போல 15 மடங்கு. நேராக மேலே வரும் அலைக்கு, பாறை எண்ணை இரட்டித்து, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 30-ஐ 16-ஆல். மணலுக்குள் அலையின் வீச்சு, அதாவது அசையும் தூரம், சுமார் 1.9 மடங்காகிவிடுகிறது!

இதைவிட ஆச்சரியம், ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் அந்த எல்லையிலேயே பாறைக்குள் திரும்பிவிடுகிறது. கால் பங்குகூட மேலே ஏறவில்லை, ஆனாலும் ஆட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. லேசான, மெதுவான மண் அந்தக் கொஞ்ச ஆற்றலைக் கடத்துவதற்கே அவ்வளவு அசைந்தாக வேண்டியிருக்கிறது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஏறிய அலையும் சும்மா போவதில்லை. தரைக்கும் பாறைக்கும் நடுவே மேலும் கீழுமாக அலைகிறது. 50 அடி மணல் ஏறக்குறைய கால் நொடிக்கு ஒருமுறை ஆடும். மேலே ஒரு மாடி எடுத்தால் உன் வீடும் சுமார் 0.2 நொடிக்கு ஒருமுறை ஆடும். மண்ணும் வீடும் ஒரே தாளத்தில் ஆடினால் ஆட்டம் பெருகும்; இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. 1985இல் மெக்சிகோ நகரத்தில் நடந்ததும் இதே வகைதான். நிலநடுக்கம் தோன்றியது சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் பழைய ஏரிப்படுகைக் களிமண்ணின் மேல் நின்ற உயரமான கட்டிடங்கள் சரிந்தன, அதே ஊரில் பாறைமேல் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு.

உன்னைப் பயமுறுத்தவில்லை. நம் பக்கம் வந்தவை சிறியவை. ஆனாலும் மாடி எடுக்குமுன் மண் பரிசோதனை செய்துவிடு. கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றிக் கம்பி போட்ட காங்கிரீட் பெல்ட் ஓடட்டும். மேஸ்திரி வேண்டாம் என்றாலும் விடாதே, பொறியாளரிடம் கேள். போர் போட்டவர் எழுதித் தந்த ஆழக்கணக்கு இருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்பு, உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்