நம்பிக்கை தனிச்சொத்தா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு, செயலுக்கு மட்டுமே ஒருவர் பொறுப்பு’ என்ற கருத்தோடு தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிறர் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தில் எனக்கு மாறுபாடில்லை. நம்புவதையும் செய்வதையும் அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியுமா என்பதுதான் என் ஐயம்.

இந்தக் கேள்வியை 1877இல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையில் எழுப்பினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பிழைப்புக்காக வேறு நாடு செல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படவிருக்கும் தம் கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். செப்பனிட்டால் பெரும் செலவாகுமே என்ற எண்ணத்தில், இத்தனை புயல்களைத் தாண்டிய கப்பல் இம்முறையும் தாண்டிவிடும் என்றும், இந்தக் குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்றும் தமக்குத் தாமே சொல்லிச் சொல்லி, எழுந்த ஐயத்தையெல்லாம் விரட்டி, கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுத் தொகை அவர் கைக்கு வருகிறது.

அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்பதால் குற்றம் குறையாது என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே, அகப்படாத குற்றவாளி என்றும் சொல்கிறார். குற்றம் கப்பலை அனுப்பியதில்தானே, நம்பியதில் இல்லையே என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கக்கூடும். அந்த மறுப்புக்கும் கிளிஃபோர்டிடம் விடை உண்டு: ஒரு முடிவில் மனம் ஊறிப்போனவரால் அதை நடுநிலையோடு விசாரிக்க இயலாது. ஆராயாமல் நம்பிய அந்தக் கணத்திலேயே, ஆராயும் கடமைக்குத் தகுதியற்றவராக அவர் தம்மை ஆக்கிக்கொள்கிறார்.

இன்று நம் கைப்பேசிகளில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்லும் ஒரு செய்தி உறவினர் குழுவுக்கு வருகிறது. கீழே, ‘உண்மையோ பொய்யோ, யாருக்காவது பயன்படட்டும்’ என்ற வரியும் கூப்பிய கைகளின் படமும். அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது கையின் வேகத்தைக் குறைக்கும், ‘இது மெய்தானா?’ என்று கேட்கும் வேலையை நமக்காகச் செய்து தராது.

கிளிஃபோர்டின் கண்டிப்பை அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1896இல் அவருக்கு மறுமொழி சொன்ன அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சான்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நட்புகூட உண்டாகாது, ஒருவரை முதலில் நம்பினால்தான் நம்பத் தக்க உறவே பிறக்கும் என்றார். இறைநம்பிக்கையுள்ள எனக்கு இது மிகவும் உடன்பாடு. ஆயினும், அறிவால் தீர்க்க முடியாத, தள்ளிப்போடவும் முடியாத கேள்விகளுக்கே ஜேம்ஸ் இந்தச் சலுகையைத் தருகிறார். ஒரு மருந்து வேலை செய்கிறதா, ஒரு சமூகத்தாரைப் பற்றி உலவும் பழிச்சொல் உண்மையா என்பவை விசாரித்தால் விடை கிடைக்கும் கேள்விகள்.

நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் எல்லாவற்றையும் ஆராய முடியுமா என்று கேட்பது நியாயமே. ஆகவே பொறுப்பை எல்லோர்க்கும் ஒரே அளவில் சுமத்தக் கூடாது. முதலாளியால் கப்பலைச் சோதிக்க முடிந்தது, பயணிகளால் முடியவில்லை. அவருடைய நம்பிக்கை பொய்த்தபோது உயிரைக் கொடுத்தவர்களோ பயணிகள். நான் நம்புவது தவறாகிப் போனால் இழப்பு யாருக்கு என்று கேட்டுப் பார்த்தால், எவ்வளவு ஆராய வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இழப்பு எனக்கு மட்டும்தான் என்றால் கட்டுரையாளரின் கூற்றை ஏற்கலாம். பிறர் பிள்ளைக்கோ அண்டை வீட்டாருக்கோ என்றால், அது எப்படி என் தனிச்சொத்தாகும்?

இந்த விவாதத்தைத் தாங்கள் தொடர வேண்டும் என்று வேண்டுகிறேன். எழுத முன்வருவோர் எத்தரப்பினராயினும், எத்தகைய சான்று கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டால் வாசகர்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்