புள்ளி இல்லை என்றால் தீ இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கனடா காட்டுத்தீப் புகை அமெரிக்கா வரை பரவியதைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தை ஞாயிறன்று வெளியிட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் புகை தெரிகிற ஊரிலெல்லாம் மக்கள் மூச்சுத் திணறுகிறார்கள் என்று கீழே எழுதியிருந்ததுதான் சரியில்லை.

என் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். 2023 ஜூனில் கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகள் எரிந்தபோது பயந்துபோய், செயற்கைக்கோள் படங்களை அன்றன்றைக்குக் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் தினமும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அங்கே மதியத்துக்கு மேல் எடுக்கிற படம், நமக்கு நள்ளிரவு வாக்கு. விடிந்து காபி குடிக்கும்போது கைப்பேசியில் இருக்கும். மேகம் பஞ்சு வெள்ளை. புகை அப்படி இல்லை, விறகடுப்பு வைத்த சுவர் மாதிரி பழுப்பேறிய சாம்பல். இரண்டு நாளில் கண் பழகிவிடும். அந்த ஆண்டு கனடாவில் எரிந்தது 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல். நம் தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடிதான்.

ஒருநாள் படத்தில் அவள் ஊரே தெரியாத அளவுக்குப் புகை. பதறிப்போய்ப் போன் செய்தால், "வானம் மோர் மாதிரி இருக்குப்பா, ஆனா வாடையே இல்லை" என்றாள். சில நாள் கழித்துப் படத்தில் புகை மெலிசாகத்தான் இருந்தது. அன்றைக்கோ ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று இருமிக்கொண்டே பேசினாள். விஷயம் இதுதான்: மேலிருந்து எடுத்த படத்தில் புகை நாலு கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, தெருவில் தவழ்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. லேசரால் உயரம் அளந்த கலிப்ஸோ செயற்கைக்கோளும் 2023 ஆகஸ்டோடு ஓய்ந்துவிட்டது. மனிதர் மூச்சில் எவ்வளவு போகிறது என்பதைத் தரையில் வைத்த, காற்றின் மாசை அளக்கும் கருவிதான் சொல்லும்.

ஜூன் 7 அன்று நியூயார்க் ஆரஞ்சு நிறமானதே, அதன் காரணம் கடலூர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். வங்கக் கடலில் புயல் நின்றால் நமக்கு வடக்கிலிருந்து காற்று அடிக்கும் அல்லவா? தானே புயலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் வடகிழக்குக் கரையோரம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நின்று, கியூபெக் புகையை நேராகத் தெற்கே இழுத்துவிட்டது. அன்று புகை தரையிலேயே இருந்தது.

அப்புறம், தீ எரியும் இடங்களைக் காட்ட உங்கள் படத்தில் இருந்த அந்தச் சிவப்புப் புள்ளிகள். புள்ளி இல்லாத இடத்தில் தீ இல்லை என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள். போன மாசியில் கரும்பு வெட்டி முடித்ததும் என் ஒன்றரை ஏக்கரில் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, கொளுத்தினேன். (செய்யக் கூடாது என்று தெரியும். ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை.) பகலில் காற்று அதிகம் என்பதால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வைத்தோம். அரை மணியில் அடங்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மா கொடியில் போட்டிருந்த வெள்ளைப் புடவை முழுக்கக் கரி. எனக்குக் கிடைத்த வசவு தனிக்கதை.

மறுநாள் வேர்ல்ட்வியூ வரைபடத்தைத் திறந்து என் வயலைத் தேடினேன். ஒரு புள்ளிகூட இல்லை. எப்படி இருக்கும்? தீப்புள்ளி காட்டும் விர்ஸ் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை வாக்கிலும், இரவு ஒன்றரை வாக்கிலும். என் தீயோ இரண்டுக்கும் நடுவில் எரிந்து அடங்கிவிட்டது. போதாததற்குப் படத்தின் ஒரு கட்டமே 375 மீட்டர், என் வயல் அதில் ஒரு மூலைதான்.

எனவே, அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது எடுத்த தேதியையும் மணியையும் ஓரத்தில் போடுங்கள். அன்று அந்த ஊரில் தரைக்கருவி காட்டிய அளவு கிடைத்தால் பக்கத்திலேயே ஒரு வரி. அதற்கு இடம் போதாதென்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கரும்பு விவசாயி ஒருவர்,
மேல்பட்டாம்பாக்கம், கடலூர் மாவட்டம்.