1098 ஆரம்பிச்சவங்கள பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற தொழில்முனைவோர் பக்கத்த விடாம படிக்கிற வாசகி நான், அரசு நடுநிலைப்பள்ளில டீச்சரா இருக்கேன். யாரு எத்தன கோடி ஃபண்டிங் வாங்குனாங்க, யாரு கம்பெனிய யாருக்கு வித்தாங்கன்னு நல்லாவே எழுதுறீங்க. ஆனா ஜெரூ பில்லிமோரியா பத்தி தமிழ்ல முழுப்பக்க கட்டுரை ஒண்ணு கூட என் கண்ணுல பட்டதில்ல, அந்த ஆதங்கத்துலதான் இந்த லெட்டர். பேரு தெரியாதவங்களுக்கும் அவங்க வேலை தெரியும். ரயில்வே ஸ்டேஷன்லயும் பஸ் ஸ்டாண்டுலயும் எங்க ஸ்கூல் சுவத்துலயும் எழுதியிருக்கே 1098, கஷ்டத்துல இருக்கற குழந்தைங்க உதவிக்கு கூப்பிடற சைல்டுலைன்ங்கற அந்த இலவச போன் சேவைய ஆரம்பிச்சவங்க அவங்கதான்.

மும்பைல டாடா சமூக அறிவியல் நிறுவனத்துல பாடம் நடத்திட்டு இருந்தாங்க. ரயில்வே ஸ்டேஷன்லயும் நைட் ஷெல்டர்லயும் தங்குற பசங்களோட பழகுனவங்க, ஏதாவதுன்னா கூப்பிடுங்கடான்னு சொந்த வீட்டு போன் நம்பரையே குடுத்துட்டாங்க. பசங்களும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, அடிபட்டுருச்சு, காய்ச்சல், போலீஸ் புடிச்சுட்டு போயிருச்சுன்னு ராத்திரி எந்நேரமும் போன். ஒருத்தர் வீட்டு போன் எத்தன பேருக்கு தாங்கும், அதனால 1996ல அந்த நிறுவனத்தோட திட்டமாவே சைல்டுலைன் வந்துச்சு. அப்ப காயின் போடாம எந்த போன் பூத்துலருந்தும் கூப்பிட முடிஞ்சுச்சு, பத்து ஒம்பது எட்டுன்னு இறங்கு வரிசையில இருக்கறதால எழுதப் படிக்கத் தெரியாத பையனுக்கும் மனசுல நிக்கும். எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் என்னன்னா, தெருவுலயே வளர்ந்த பசங்களையே ட்ரெயினிங் குடுத்து அந்த டீம்ல சேத்துக்கிட்டாங்க. எதிர்பக்கம் ஒண்ணுமே பேசாம மூச்சு மட்டும் கேக்குற கால் வந்தாலும் டக்குனு கட் பண்ணிடாம பொறுமையா இருக்கணும்ங்கறது அங்க பழக்கம், ஏன்னா பேசுறதுக்கு முன்னாடி நம்பலாமான்னு பாக்கத்தானே எந்தக் குழந்தையும் முதல்ல கூப்பிடும்.

மும்பைய தாண்டி மத்த ஊருக்கு கொண்டு போனதுலதான் அவங்க தொழில்முனைவோர்னு நான் சொல்றதுக்கு காரணமே இருக்கு. ஒவ்வொரு ஊருலயும் புதுசா ஆபீஸ் போட்டு ஆள் எடுத்து பண்ணல, அந்தந்த ஊர்ல ஏற்கனவே குழந்தைங்களுக்காக வேலை பாக்குற அமைப்புகள தேடிப் புடிச்சு, இருபத்திநாலு மணி நேரமும் போன் எடுக்கறது ஒருத்தர், ஸ்பாட்டுக்கு போறதுக்கு உதவுறது இன்னும் சிலர், எல்லாரையும் சேத்து கூட்டம் போடறதுக்கு ஒரு கல்வி நிறுவனம்னு வேலைய பிரிச்சுக் குடுத்தாங்க. போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டாஃபுக்கும் தனியா பயிற்சி. அப்புறம் மத்திய அரசும் தொலைத்தொடர்பு துறையும் உள்ள வந்ததும் நாடு பூரா ஒரே நம்பர்.

2003ல ஆம்ஸ்டர்டாம்ல சைல்ட் ஹெல்ப்லைன் இன்டர்நேஷனல் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு 130 நாடுகளுக்கு மேல உள்ள ஹெல்ப்லைன்கள் அதுல மெம்பர். அதுக்கப்புறம் 2005ல அஃப்லாடூன், பிள்ளைங்களுக்கு உரிமையையும் சேமிப்பையும் சொல்லிக் குடுக்கற அமைப்பு. இதோட வேர் 1991ல அவங்க மும்பைல ஆரம்பிச்ச மேல்ஜோல்ங்கற அமைப்புல இருக்கு, வசதியான ஸ்கூல் பசங்களையும் ஏழை ஸ்கூல் பசங்களையும் ஒண்ணா பழக வச்ச அமைப்பு அது. அஃப்லாடூன் கிளப்புல பிள்ளைங்களே தலைவர் பொருளாளர் எல்லாம் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கும், காசு சேக்கும், வரவு செலவு நோட்டு எழுதும், அப்புறம் அந்த காச வச்சு ஊருக்கோ ஸ்கூலுக்கோ என்ன பண்ணலாம்னு அதுங்களே கூடிப் பேசி முடிவெடுக்கும். நம்ம ஊர்ல சஞ்சாயிகான்னு ஸ்கூல் பசங்களுக்கான சேமிப்புத் திட்டம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கும், ஆனா அதுல சேமிப்போட பாடம் முடிஞ்சிரும். இங்க முதல் பாடமே நான் யாரு, என் உரிமை என்ன, என் பொறுப்பு என்னங்கறதுதான், காசு பத்தி அப்புறம்தான் வருது. ஒரு டீச்சரா சொல்றேன், குடிமையியல் புத்தகத்துல உள்ளாட்சி தேர்தல் பாடத்த எத்தன தடவ நடத்தினாலும் ஆறாம் வகுப்பு பசங்க தலையில ஏறாதது, கிளப் பொருளாளர் கணக்க ஒழுங்கா காட்டலன்னு அதுங்களே எந்திரிச்சு கேள்வி கேக்குற அன்னிக்கு ஏறிடும். நூறு நாடுகளுக்கு மேல இந்த பாடத்திட்டம் போயிருக்கு, அந்தந்த ஊர் அமைப்புகள் தங்க மொழிக்கும் நிலைமைக்கும் ஏத்த மாதிரி மாத்திக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். அவங்க எதையும் புடிச்சு வச்சுக்கல. ஒண்ண நிக்க வச்சதும் அடுத்தவங்க கையில குடுத்துட்டு அடுத்த வேலைக்கு போயிடுறாங்க. பிள்ளைங்களுக்கு பேங்க் கணக்கும் பண அறிவும் கிடைக்கணும்னு 2011ல இன்னொரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, பண அறிவு பத்தி வருஷாவருஷம் அது நடத்துன குளோபல் மணி வீக்க, ஓஇசிடிங்கற பன்னாட்டு பொருளாதார அமைப்பு கிட்ட ஒப்படைச்சுட்டு அமைப்பையே மூடிட்டாங்க. 2020ல கேட்டலிஸ்ட் 2030னு சமூக தொழில்முனைவோர்கள எல்லாம் ஒண்ணு சேக்குற நெட்வொர்க். நாற்காலிய விட மனசு வராத நம்ம ஊர்ல இத படிக்க வேண்டியவங்க நெறைய பேர் இருக்காங்க.

ஒப்படைக்கறதுன்னா வாங்கிக்கறவங்க பொறுப்பு ஜாஸ்தி ஆகுது. 2023ல மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா கீழ 1098 முழுசா அரசு நிர்வாகத்துக்கு வந்து, அவசர உதவி நம்பரான 112 கூட இணைஞ்சிருச்சு, இப்ப மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் பாக்குது. அதுக்கு முன்னாடி எங்க ஸ்கூல்ல எட்டாவது படிச்ச பொண்ணுக்கு வீட்டுல கல்யாணம் பேசிட்டாங்க, தோழி ஒருத்தி 1098க்கு போன் பண்ணிட்டா, வந்த ரெண்டு பேரும் மிரட்டல, அந்த பொண்ணோட பாட்டி பக்கத்துல திண்ணையில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் பேசுனாங்க, கல்யாணம் நின்னுச்சு, பொண்ணு பத்தாவது முடிச்சா. அந்தப் பொறுமை அரசு நிர்வாகத்துலயும் இருக்கணும்னு ஆசைப்படுறேன், அதுக்கு ஆளும் சம்பளமும் பயிற்சியும் ஒழுங்கா இருக்கணும்.

அதனால ரெண்டு வேண்டுகோள் சார். ஜெரூ பில்லிமோரியா பத்தி உங்க தொழில்முனைவோர் பக்கத்துல ஒரு வாரம் முழுசா எழுதுங்க. அப்புறம் உங்க மாவட்ட செய்தி பக்கத்துல மாசாமாசம் 1098க்கு எத்தன கால் வந்துச்சு, எவ்வளவு நேரத்துல ஆள் நேர்ல போனாங்க, எத்தன பணியிடம் காலியா கெடக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு வாங்கிப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
திருச்சி மாவட்டம்