அலமாரிக்குப் போகும் ஒப்பந்தங்கள்

ஆசிரியருக்கு,

பொறியியல் கல்லூரிகள் அரசின் துணையோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் கைகோப்பதை வரவேற்கும் தலையங்கம் படித்தேன். நல்லதுதான்; ஆனால் ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்டவரின் பதவிக்காலத்தைத் தாண்டி வாழ வேண்டுமே! கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1962 முதல் 1972 வரை துணைநின்றன. பேராசிரியர்கள் நேரில் வந்து பாடம் நடத்தினார்கள், 1963இல் ஐ.பி.எம். 1620 கணினியும் வந்து சேர்ந்தது. இரு நாட்டு அரசுகளும் பத்தாண்டுகள் பொறுமை காத்தன.

நான் பணியாற்றிய கல்லூரியில் முதல்வர் மாறியதும், முந்தையவர் கையெழுத்திட்ட கோப்பு அலமாரிக்குப் போனது. விழாப் புகைப்படம் மட்டும் வரவேற்பறையில் தொங்கியது, சட்டத்துக்குள் பத்திரமாக. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஓர் ஆசிரியரை ஐந்தாண்டுப் பொறுப்பாளராக்கி, எத்தனை பேர் சென்று வந்தனர், என்ன ஆய்வு நடந்தது என ஆண்டுதோறும் வெளியிடும்படி அரசு நிபந்தனை விதிக்கலாம்.

– ஓய்வுபெற்ற பேராசிரியர்