ஏறின கியரிலேயே இறங்கு

ஹட்டன்
2025 ஒக்டோபர்

அன்பு மச்சான்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் விட்டது என் பிழைதான். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் தங்கச்சியை மஸ்கெலியா பஸ்ஸில் கண்டேன். நீ போன் எடுப்பதில்லையாம். எடு.

உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. பாரிசிலிருந்து 200 கிலோமீற்றர் போய் லு மான் கார் ரேஸில் 24 மணித்தியாலமும் நின்றிருக்கிறாய், எனக்கு வந்தது ஒரே ஒரு படம். அதிலும் நீயும் உன் தொப்பியும்தான். இங்கே ஞாயிறு இரவு ஏழரை வரை நான் போனை விட்டு எழும்பவில்லை. 2011இல் ராலி விபத்தில் கை சிதைந்துபோன போலந்து ஓட்டுநர் குபிட்சா, மஞ்சள் பெராரியைக் கடைசி மணித்தியாலங்களில் தானே ஓட்டி, போர்ஷேயை 14 செக்கன் பின்னால் விட்டு முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நேரில் பார்த்த நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை சின்னவன் நம்ம டொயோட்டா அக்குவாவை, அதுதான் பெற்றோலிலும் பெட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் காரை, எடுத்துக்கொண்டு மாமி ஆட்களை நுவரெலியாவிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோனான். லைசன்ஸ் எடுத்த பிறகு அவனுடைய முதல் பெரிய இறக்கம். றம்பொடைக்கு மேலே எங்கேயோ நிறுத்திவிட்டு போன் எடுக்கிறான்: "அப்பா, பெற்றோலே மிதிக்கல, எஞ்சின் கத்துது." பெட்டரி நிறைஞ்சிருக்கா என்று கேட்டேன். நிறைஞ்சிருக்கு என்றான். அப்போ கத்தட்டும், எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கிற 'B' கியரில் போடு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காதே, மெதுவா இறங்கு என்றேன். நம்ம மெக்கானிக் பாஸ் சொன்னதேதான்: ஏறின கியரிலேயே இறங்கு.

பயல் கண்டி போய்ச் சேர்ந்து போன் பண்ணும்வரை என் வயிறு ஆறவில்லை. அந்த ரோட்டில்தான் கெரண்டி எல்ல இருக்கிறது. மே 11ஆம் திகதி பஸ் உருண்டு இருபதுக்கு மேற்பட்ட உயிர் போன இடம். அன்று காலையில் எங்கள் லயத்துப் பக்கம் ஒரு வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆட்களோடு 1,400 கிலோ வண்டி. நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு ஏறக்குறைய 800 மீற்றர் இறக்கம். அதில் கிடைக்கிற சக்தி 11 மெகாஜூல், அதாவது 3 யூனிட் கரண்ட். அக்குவா பெட்டரி முழுதாகவே 1 யூனிட் பிடிக்காது. அதுவும் நிறைந்த பிறகு மீதி எங்கே போகும்? பெற்றோல் இல்லாமலே எஞ்சினைச் சுற்றவிட்டுத்தான் வண்டி அதைக் கரைக்கிறது. அதற்கும் மிஞ்சினால் பிரேக்கில் சூடாகப் போகும். பழைய லொறி இறங்கும்போது வருமே ஒரு கருகல் வாசம், அதுதான் இது.

இப்போது 2014 லு மானை நினைத்துப் பார், மச்சான். பிரேக்கில் சூடாக வீணாகப் போகிற அந்தச் சக்தியைப் பிடித்து வைக்க மூன்று கம்பனி மூன்று வழி கண்டது. அவுடி காற்றில்லாத கூட்டுக்குள் ஒரு சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியிலேயே சக்தியைச் சேமித்தது. டொயோட்டா, கரண்டைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று விடுகிற பெரிய கெப்பாசிட்டர் வைத்தது. போர்ஷே லித்தியம் பெட்டரி வைத்ததோடு நிற்காமல், புகைக்குழாயில் வீணாகப் போகிற காற்றிலும் ஒரு சுழலியைப் பூட்டிக் கரண்ட் எடுத்தது. அந்த வருஷம் லு மானை அவுடி வென்றது, லு மானும் சேர்ந்த உலகத் தொடர்ப் பட்டம் டொயோட்டாவுக்கு, அடுத்த வருஷம் லு மான் போர்ஷேக்கு. மூன்று யோசனையும் வென்றது! 2015இல் போர்ஷே 13.6 கிலோமீற்றர் சுற்றுக்கு இப்படிப் பிடித்த சக்தியில் 8 மெகாஜூல் பாவித்தது. நம் றம்பொடை இறக்கத்தின் முக்கால் பங்கு, மூன்றரை நிமிஷத்துக்குள், ஒவ்வொரு சுற்றிலும். நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதனால்தான் இன்றைய ரேஸ் சட்டத்தோடு எனக்கு மனம் ஒட்டவில்லை. குறைந்த எடை 1,030 கிலோ, சக்தி 500 கிலோவாட் சுற்றுவட்டாரத்தில், அதற்கு மேலும் யார் முந்தினாலும் எடையைக் கூட்டிச் சக்தியைக் குறைத்துச் சமப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் இத்தனை கம்பனி வராது என்று நீ சொல்வாய். அஸ்டன் மார்ட்டினின் வி12 சத்தத்துக்காக நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சமப்படுத்தியும் போர்ஷே இந்த வருஷத்தோடு உலகத் தொடரை விட்டுப் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்?

உன் பீஜோவைப் பற்றியும் சொல்லாமல் விடமாட்டேன். உங்க அப்பாவின் 404இல் தொடங்கிய பாசம், எனக்குத் தெரியும். பின்சிறகே இல்லாமல் பீஜோவின் 9எக்ஸ்8 ரேஸ் கார் வந்தபோது நீ எழுதிய ஆறு பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் ஓடும் காற்றே ரோட்டோடு பிடித்து வைக்கும், சிறகு எதற்கு என்று எழுதியிருந்தாய். அதைவிட அழகான ரேஸ் கார் என் காலத்தில் வரவில்லை. ஆனால் 2024இல் பின் டயரை அகலமாக்கிச் சிறகையும் பூட்டிவிட்டார்கள். அன்று உன்னைவிட நான்தான் கூடக் கவலைப்பட்டேன். அழகு காற்றுக்கும் ஒத்துப்போக வேண்டும் போல. 1969இல் சோதனை ஓட்டம் ஓடிய போர்ஷே 917 ரேஸ் காரின் பின்பக்கத்தில் பூச்சி ஒன்றும் அடிபட்டிருக்கவில்லை, அதைப் பார்த்துத்தான் காற்று அங்கே படுவதே இல்லை என்று பிடித்தார்கள். வாலை வெட்டி உயர்த்தினார்கள். அடுத்த வருஷமே லு மானில் வெற்றி. செத்த பூச்சியைப் பார்க்கத் தெரிந்த ஆள் நம்ம பாஸ் மாதிரி இருந்திருப்பான்.

அடுத்த ஜூனில் போனால் தொப்பியோடு படம் வேண்டாம். நடுராத்திரியில் லு மானின் முல்சான் திருப்பத்தில் நில். நேர்ரோட்டில் வந்து பிரேக் பிடிக்கும்போது சக்கரத்துக்குள் பிரேக் தட்டு சிவப்பாக எரியும். எந்த வண்டியில் கூட எரிகிறது, எதில் குறைய எரிகிறது என்று பார்த்து எழுது. சின்னவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவனை வருகிற சனிக்கிழமை மறுபடி அதே ரோட்டில் கூட்டிப்போகிறேன், இந்த முறை நான் பக்கத்தில் இருப்பேன்.

உன்
ஹட்டன் மச்சான்