குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சாலை, குடிநீர் மனுக்கள் பேரூராட்சியில் நிலுவையில் உள்ளன. செயற்குழுக் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது சிறுத்தை, கரடி, பாம்பு விவகாரம்தான். பாபநாசம் மலையடிவாரத்தில் மனை வாங்கிக் குடியேறியவர்கள் நாம். நம்மை ஒட்டியுள்ள களக்காடு–முண்டந்துறைக் காடு 1988 முதல் புலிகள் காப்பகம். எனவே இந்த விவகாரம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

சிறுத்தைக்குக் கூண்டு வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டார்கள். அது வனத்துறையின் வேலை. மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். சிறுத்தை தேடி வருவது நாயை. நாய் கூடுவது கோழிக்கடைக் கழிவில். மேற்குத் தெரு முனையில் கழிவு கொட்டுவதை நிறுத்தாமல் கூண்டு கேட்பதில் பொருளில்லை. கழிவை மூடியுள்ள டிரம்மில் வைத்து அன்றன்றே வண்டியில் ஏற்ற வேண்டும். வளர்ப்பு நாயை இரவில் திண்ணையில் கட்டிப் போடக் கூடாது. கட்டிய நாய் தப்ப வழியில்லாத இரை.

விலங்கு பதுங்காதிருக்க மதிலோரம் பத்தடிக்கு உடங்காட்டை, அதாவது சீமைக்கருவேல முள்புதரை, வெட்டினோம். சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கிறது. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்குவதே சரி.

கரடி வருவது கோயிலுக்கு. விளக்கு எண்ணெய், பொங்கல் மிச்சம், உடைத்த தேங்காய் மூன்றும் அதற்கு மணக்கும். எண்ணெய் ஊறிய திரியைக்கூட நக்கிவிட்டுப் போகும். அர்த்தசாம பூசை முடிந்ததும் எண்ணெய்க் குடத்தை உள்ளே வைத்துக் கம்பிக் கதவைப் பூட்டி, விளக்கடியைச் சீயக்காய் போட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறோம். பலா, பனம்பழம் பழுக்கும் காலத்தில் உதிர்ந்ததை மாலைக்குள் பொறுக்கிவிட வேண்டும். கரடிக்கு மூக்குக் கூர்மை, கண் மந்தம். ஆள் வருவது தெரியாமல் கிட்டத்தில் திடுக்கிட்டால்தான் பாயும், குட்டியோடு இருந்தால் சொல்லவே வேண்டாம். அதிகாலை நடைக்குப் போகிறவர்கள் இரண்டு பேராக, டார்ச்சோடு, பேசிக்கொண்டே போங்கள். எதிரே கண்டால் ஓடாமல், முகம் திருப்பாமல் பின்னால் நகருங்கள். செல்போனில் படம் பிடிக்க நெருங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

பாம்பு விஷயத்தில்தான் சங்கம் பணம் செலவழித்தது. வாறுகால் (கழிவுநீர் வாய்க்கால்) வாய்களில் முதலில் கோழிவலை அடித்தோம். துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. இப்போது துத்தநாகம் பூசிய வெல்டு கம்பிவலை. ஐப்பசி அடைமழைக்கு முன் வலையில் அடைந்த இலைச் சருகை வாராவிட்டால் தண்ணீர் எதிர்த்து வீட்டுக்குள் ஏறும். அந்தந்த வீட்டுக்காரர்தான் வார வேண்டும். தோட்டத்தில் நைலான் வலை கட்டாதீர்கள். சாரை புகுந்து சிக்கிக்கொள்ளும், நல்ல பாம்பும் சிக்கும். அதை அறுத்து விடப்போகும் கைக்கு ஆபத்து. நெல் மூட்டை வைக்கும் அறைக் கதவடியில் அரை விரல் சந்துகூட இருக்கக் கூடாது. எலி வரும், பின்னாலேயே பாம்பு வரும். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். வலி, வீக்கம் பெரும்பாலும் இருக்காது. விடியும்போது வயிற்று வலி, இமை சரிவு, பேச்சுக் குழறல். சூட்டு வலி என்று மோர் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிப் படுத்தாலே பாதிக் கவலை தீரும்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டுப்போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கை காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் ஒரே மருந்துதான். கண்ணாடி விரியன், சுருட்டைக் கடியா என்பதை, கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தே மருத்துவமனையில் கண்டுகொள்வார்கள்.

குரங்குக்கு: தட்டட்டி (மொட்டை மாடி) தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பியால் கட்டவும், பழம் போடுவதை நிறுத்தவும். பன்றிக்கு: வாழைத் தோட்டத்தில் மின்கம்பியில் கொக்கி போட்டு வேலி கட்டுவது குற்றம், மனிதரும் சாகிறார்கள். அப்படிக் கட்டுபவருக்காகச் சங்கம் காவல் நிலையத்துக்கு வராது.

கோழிக்கழிவு டிரம்முக்கான செலவைக் கடைக்காரரும் சங்கமும் பாதிப் பாதி ஏற்பது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்